நாக்கைத் தூக்குங்கள், அண்ணே

எங்கள் சபையில் பிரியா என்றொரு பெண் இருக்கிறாள். நான் பார்த்து ஓய்வு பெற்ற அதே வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். காசநோய்க்காரர்கள் தினமும் மருந்தை விழுங்குகிறார்களா என்று நேரில் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து, ஃபிஜியில் நாங்கள் இருக்கும் லாமி ஊரில், சபைக் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு புதுச் செய்தி சொன்னாள். இனி வீடு வீடாகப் போக வேண்டியதில்லையாம். நோயாளியே மருந்து விழுங்குவதைப் போனில் வீடியோ எடுத்து அனுப்பிவிடுவாராம். "நீங்க எப்படி ஆன்ட்டி, மழையில, கலவரத்துல எல்லாம் தினமும் போனீங்க?" என்று ஹிந்தியில் கேட்டாள். தமிழ் அவளுக்கு வராது.

வீடியோ வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நாய்க்கடியாவது மிச்சம். ஆனால் அவள் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல், "போனோம், வந்தோம்" என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டாலும் இப்படித்தான் நழுவுவேன். மற்றவர்களுக்குத் தரிசனம் கிடைத்திருக்கிறது, கட்டி கரைந்திருக்கிறது, வராத விசா வந்திருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை. எனக்கு நடந்ததெல்லாம் முன்சாமி அண்ணன்தான். அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. வேலையை விட்டாலும் வாய்க்கட்டை விடக்கூடாது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தலைநகர் சூவாவில் நர்ஸ் பள்ளியில் இருந்தபோது முதல் ராணுவக் கலகம் நடந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பெண்கள் படிப்பு முடித்த கையோடு கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பறந்தார்கள். நான் பறக்கவில்லை. வடக்கே ரக்கிரக்கி என்ற கரும்பு ஊருக்குப் போட்டார்கள். உண்மையில் வேலை கற்றுக்கொண்டது அங்கே, மூத்த நர்ஸ் சிஸ்டர் வாசித்தியிடம்தான்.

சிஸ்டர் வாசித்தி ஃபிஜிய கிராமத்துப் பெண். பெரிய உருவம், மெதுவான நடை, பேச்சு அதைவிட மெது. அவருடைய வெள்ளை உடுப்பில் இஸ்திரி மடிப்பு சாயங்காலம் வரை கலையாது. முதல் நாளே என்னை ஒரு நோயாளி வீட்டுக்கு அழைத்துப் போய் நிற்க வைத்தார். "முகத்தைப் பார்க்காதே. முகம் நன்றாகப் பொய் சொல்லும். தொண்டையைப் பார்" என்றார். மருந்தை உள்ளங்கையில் வைக்க வேண்டும், நோயாளி நம் கண்முன் வாயில் போட வேண்டும். தண்ணீர் முழுக்கக் குடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னங்களின் உட்புறம் பார்க்க வேண்டும். உடனே எழுந்துவிடக் கூடாது. நேற்று என்ன சமைத்தீர்கள், கரும்பு எப்படி இருக்கிறது என்று நீளமாகப் பதில் வரும்படி ஏதாவது கேட்க வேண்டும். வாய்க்குள் மாத்திரையை ஒளித்தவர் சமையல் கதை சொல்ல மாட்டார்.

சாயங்காலம் சுகாதார நிலையத்துக்குத் திரும்பி, "எல்லாரும் விழுங்கினார்கள் சிஸ்டர்" என்பேன். ஒரு நாளும் நன்று என்று சொன்னதில்லை. "நாளைக்கு?" என்று மட்டும் கேட்பார். "நாளைக்கும் போகிறேன், சிஸ்டர்" என்பேன். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அந்த வயதில் எனக்கு எரிச்சலாக வரும். என் அப்பா சபையில் பிரசங்கம் செய்தவர். கர்த்தர் என்னையும் ஏதாவது பெரிய காரியத்துக்கு அழைப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஊரார் வாயைத் திறந்து பார்ப்பதற்கு அழைத்திருப்பார் என்று தோன்றவில்லை.

பல வருடம் கழித்து என் பட்டியலில் வந்த முன்சாமி அண்ணன் கரும்புக்காரர். வீடு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே, மேட்டுமேல். நிலத்தின் குத்தகை முடிந்துகொண்டிருந்தது, புதுப்பிக்க மாட்டோம் என்று நிலத்தின் சொந்தக்காரர்களான ஃபிஜியர்கள் சொல்லிவிட்டார்கள். மூத்த மகள் ஆக்லாந்தில் கட்டிக்கொடுத்தவள், அப்பா அம்மாவையும் தங்கச்சியையும் அங்கே கூப்பிட்டுக்கொள்ள எல்லா ஏற்பாடும் செய்திருந்தாள். அந்த நேரத்தில்தான் அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. நெஞ்சு சுத்தமாகாமல் அவரை எந்த நாடும் உள்ளே விடாது. மருந்தைப் பாதியில் விட்டால் நோய் அந்த மருந்துக்கு மசியாமல் முரண்டு பிடிக்கும், வீட்டில் பள்ளிக்குப் போகும் சின்ன மகளுக்கும் தொற்றும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவருடைய பெரிய கவலை.

"சக்கரை வியாதிக்கு ஊசி போட வராங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், சிஸ்டரம்மா. நீங்களும் அதையே சொல்லுங்கோ" என்றார்.

"நான் எதுவுமே சொல்ல மாட்டேன், அண்ணே. பொய்யும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அந்த வருடம்தான், இரண்டாயிரத்தில், இந்தியர் ஆளக் கூடாது என்று சில ஃபிஜியர்கள் சூவாவில் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து மந்திரிகளைப் பிடித்து வைத்தார்கள். ரேடியோவை அணைக்கவும் பயம், கேட்கவும் பயம். எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், ஒரு கடையைக் கொளுத்தினார்கள். சாலையில் மரத்தை வெட்டிப் போட்டுத் தடுப்பு வைத்தார்கள். இன்றைக்குத் திறந்திருக்குமா, மூடியிருக்குமா, யார் நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்துக்கள் எங்களைப் போன்ற இந்தியக் கிறிஸ்தவர்களை ஃபிஜியர்களின் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று பார்த்தார்கள். தடுப்பில் நின்றவர்கள் எங்களை இந்தியர் என்று பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சாமுவேல் நாள் தவறாமல் சொல்வார்.

முதல் தடுப்பு வந்த அன்று சிஸ்டர் வாசித்தி என் பக்கத்தில் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தடுப்பில் நின்றவர்களில் சிலர் அவருடைய ஊர்க்காரர்கள். கண்ணாடியை இறக்கி அவர்களைப் பார்த்தார், அவ்வளவுதான். திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "என்னோடு உன் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். இனி நீ தனியாகப் போ. ஒரே நேரத்துக்குப் போ. தினமும் ஒரே நேரத்துக்கு வருகிறவளைக் கண்டு யாருக்கும் பதற்றம் வராது." எனக்குத்தான் பதற்றம் வந்தது. நல்ல வார்த்தை வைத்து ஜெபம் பண்ணவும் வராது. இன்றைக்கு மட்டும், இன்றைக்கு மட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

ஒரு நாள் முன்சாமி அண்ணன் வீட்டில் வேலை முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி காமாட்சி, துவைத்த துணியை உலர்த்திக்கொண்டே மகிழ்ச்சியாகச் சொன்னார்.

"சிஸ்டர், இப்பல்லாம் இவரு பனியன்ல அந்தச் செவப்புக் கறை வரதே இல்ல. ஒடம்பு தேறிட்டுது போல."

மருந்துகளில் ஒன்று சிவப்பு கேப்ஸ்யூல். அது உடம்பில் ஏறினால் சிறுநீரும் வியர்வையும் ஆரஞ்சு நிறத்தில் போகும். கறை நின்றது என்றால் மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம். தினமும் நாக்கின் அடியைப் பார்க்கிறேன், கன்னத்தைப் பார்க்கிறேன், கரும்புக் கதை கேட்கிறேன், பிறகு எங்கே போகிறது? கொடியில் தொங்கிய வெள்ளைப் பனியனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிஸ்டர் வாசித்தியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவருக்குச் சொந்தப் பல்லா?" என்று கேட்டார்.

மறுநாள் மருந்து போட்டுக்கொண்டதும், "மேல் பல் செட்டைக் கழற்றுங்கள், அண்ணே" என்றேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கழற்றினார். அண்ணத்தோடு ஒட்டும் அந்தத் தகட்டின் அடியில் சிவப்பு கேப்ஸ்யூல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"மாரியம்மனுக்கு வேண்டியிருக்கேன், சிஸ்டரம்மா. இந்த வருசம் தீ மிதிக்கிறேன்னு" என்றார், பல் இல்லாத வாயோடு. "கவுச்சி தொடாம விரதம். இந்தச் செவப்பு மருந்து, இந்த தவாயோட தோலு மாட்டு எலும்புல செய்யிறதாம், கோயில்ல ஒருத்தர் சொன்னாரு. வெள்ளை மாத்திரய முழுங்கிடறேன். இத எப்படித் தொண்டையில எறக்குவேன்?"

அந்த நேரத்தில் என்னைப் பிடித்து ஆட்டிய ஆசையைச் சொல்ல வேண்டும். அதெல்லாம் சும்மா, கடல்பாசியில் செய்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் விழுங்கிவிடுவார். உயிர் காக்கிற பொய். யாரும் என்னைக் குற்றம் சொல்லப் போவதில்லை. ஆனால் தினமும் வந்து அவர் வாயைச் சந்தேகப்படுகிற நான், என் வாயால் அவரை ஏமாற்றினால் பிறகு எந்த முகத்தோடு நாக்கைத் தூக்கச் சொல்வது?

"அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும், அண்ணே" என்றேன். "எங்கள் டாக்டரிடம் கேட்டு வருகிறேன். அதற்குள் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்."

டாக்டர் வழி சொன்னார். தோலைப் பிரித்து உள்ளே இருக்கும் பொடியை மட்டும் கொடுக்கலாம். மறுபடியும் சளியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். சாலை மூடியதால் அந்தப் புட்டி எங்கோ கிடந்தது, முடிவு வரவில்லை. நோய் முரண்டு பிடித்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் நாட்களைத் தள்ளினோம். காமாட்சி ஒவ்வொரு காலையும் என் முகத்தைப் பார்ப்பார், கேட்க மாட்டார். சின்ன மகள் ஒரு முறை இருமினால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

அதற்குள் முன்சாமி அண்ணன் காப்புக் கட்டிக் கோயிலுக்குள் போய்விட்டார். தீ மிதிக்கிறவர்கள் திருவிழா முடியும் வரை கோயிலிலேயே தங்க வேண்டும், எல்லையைத் தாண்டக் கூடாது. அது நெடுஞ்சாலை ஓரத்துக் கோயில், பாலத்துக்கு அந்தப் பக்கம். நான் உள்ளே போகாமல் கேட்டுக்கு வெளியே நிற்பேன், அவர் மஞ்சள் வேட்டியோடு கேட்டுக்கு உட்புறம் வந்து நிற்பார். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியை ஒரு வாழைப்பழத் துண்டில் தூவிக் கொடுப்பேன். செங்கல் நிறப் பொடி, பார்க்கக் குங்குமம் மாதிரியே இருக்கும். கசப்பில் அவர் கண்ணில் நீர் வரும். பிறகு தண்ணீர், பல் செட், நாக்கு, கன்னம்.

இதை எங்கள் சபை மூப்பர் தானியேல் ஐயா பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டார். நம்ம நர்ஸ் ரெபேக்கா கோயில் வாசலில் பூசாரியோடு நின்று குங்குமம் வாங்குகிறாள் என்று செய்தி பரவியது. நாடே உபவாச ஜெபத்தில் இருக்கும்போது இப்படியா என்று சபையில் கொதித்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை தானியேல் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோயில் வாசல்ல என்னம்மா உனக்கு வேலை?"

"வேலைதான் ஐயா. அதற்கு மேல் சொல்ல முடியாது."

"கையில செவப்பா என்னமோ வச்சிருந்தியே. என் கண்ணால பார்த்தேன்."

"பார்த்தது உண்மைதான் ஐயா. ஆனால் சொல்ல முடியாது."

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதிலிருந்து என்னை நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் சாமுவேல் கேட்டார், "எங்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?" உங்களிடமும் சொல்ல முடியாது என்றேன். அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு நான் அழுதேன். துப்பாக்கிக்காரர்களுக்குப் பயந்தபோது வராத அழுகை அது. ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்த வார்த்தை முன்சாமி அண்ணனுடையது, என்னுடையது அல்ல.

திருவிழாவுக்கு முன்பு ஒரு நாள் பாலத்தை முழுக்க மூடினார்கள். வழக்கமாக என்னைத் தலையசைத்து விடுகிறவர்கள்கூட அன்று அசையவில்லை. சூவாவில் ஏதோ நடந்திருந்தது. தடுப்பில் நின்றவர்களின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, கையில் கத்தி வைத்திருந்தார்கள். "ஆஜ் நை, நர்ஸ். இன்றைக்கு யாரும் போகக் கூடாது" என்றான் ஒருவன். எனக்குப் பின்னால் பஸ் ஒன்றும் நின்றது. அதில் தானியேல் ஐயா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். பாலத்துக்கு அப்பால் கோயில் கேட் தெரிந்தது, கேட்டில் மஞ்சள் வேட்டியும் தெரிந்தது. வந்து சேர வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஏற்கெனவே விட்டுப்போன மருந்து, வராத முடிவு, இன்றைக்கும் விட்டால் என்ன ஆகும் என்ற ஒரே நினைப்புதான்.

அப்போது கேட் திறந்தது. முன்சாமி அண்ணன் வெளியே வந்தார். எல்லையைத் தாண்டினார். வெறுங்காலோடு, வெறும் மார்போடு, கையில் காப்போடு, பாலத்தின் நடுவே நடந்து வந்தார். கத்தி வைத்திருந்தவன் எழுந்து நின்று அதட்டினான். அவர் நிற்கவில்லை. கிட்டே வந்ததும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி ஹிந்தியில் சொன்னார்: "எனக்கு டிபி. இந்த அம்மா தினமும் எனக்கு மருந்து கொடுக்க வராங்க. மருந்தைக் குடிச்சிட்டுப் போயிடறேன்."

பஸ் முழுக்கக் கேட்டது. ஊருக்குத் தெரியக் கூடாது என்று அத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்த வார்த்தையை நடுப்பாலத்தில் போட்டு உடைத்துவிட்டார். கேப்ஸ்யூலைப் பிரித்தேன். வாழைப்பழத்தில் தூவிக் கொடுத்தேன். தண்ணீர் இல்லை. தடுப்பு ஓரத்தில் நங்கோனா வேர்ப் பானம் கலக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்தார், சிரட்டையைக் கழுவினார், நல்ல தண்ணீர் மொண்டு நீட்டினார். "என் அம்மாவும் இந்தச் சிவப்பு மருந்தைத்தான் குடித்தாள்" என்றார். முன்சாமி அண்ணன் குடித்து முடித்தார், நான் கேட்காமலே பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், வாயைத் திறந்தார்.

"நாக்கைத் தூக்குங்கள், அண்ணே" என்றேன். தூக்கினார்.

"எல்லையைத் தாண்டிவிட்டீர்களே, தீ மிதிக்க விடுவார்களா?" என்று தமிழில் மெதுவாகக் கேட்டேன்.

"வுட மாட்டாங்க" என்றார். "தெனைக்கும் நீங்க வந்தீங்க. ஒரு நாளு நான் வந்தா இன்னா."

பூசாரி அந்த வருடம் அவரைத் தீயில் இறங்க விடவில்லை. மற்றவர்கள் இறங்கி வந்தபோது அவர் அவர்கள் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார் என்று காமாட்சி சொன்னார். தானியேல் ஐயா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மறு ஞாயிறு பிள்ளைகளின் பாட அறைச் சாவியை நான் உட்காரும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார், நான் எடுத்துக்கொண்டேன். சாமுவேலிடம் பஸ்ஸில் வந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் என் வண்டியைக் கழுவி வைத்திருந்தார். ஆஸ்திரேலியப் பேச்சு அதன்பின் குறைந்தது. வெகுநாள் கழித்துச் சளியின் முடிவும் வந்தது. கிருமி இல்லை. ஆனாலும் விட்டுப்போனதற்கு ஈடாக மருந்தை நீட்டித்தார்கள், நான் நீட்டித்துப் போனேன்.

கடைசி மருந்தை விழுங்கிய அன்று நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் ஒன்றும் செய்யவில்லை. காமாட்சி பப்பாளி ஒன்று கொடுத்தார். சாயங்காலம் சிஸ்டர் வாசித்தியிடம் முன்சாமி முடித்துவிட்டார் என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். "நாளைக்கு?" என்றார். "மற்றவர்கள் இருக்கிறார்கள், சிஸ்டர்" என்றேன்.

மறுநாள் மேட்டுக்கு அப்பால் வேறொரு வீட்டுக்குப் போக அதே வழியில், அதே நேரத்துக்கு வண்டியை ஓட்டினேன். முன்சாமி அண்ணன் தம்ளர் நிறையத் தண்ணீரோடு வாசலில் நின்றிருந்தார். வண்டியை நிறுத்தினேன்.

"மருந்து முடிந்துவிட்டதே, அண்ணே."

"தெரியும் சிஸ்டரம்மா. நீங்க வர நேரம்னு கை தானா மொண்டுடுச்சு."

தண்ணீரைக் குடித்தார். பல் செட்டைக் கழற்றினார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். நான் வண்டியை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன்.